தனித் தட்டு தவறாகுமா?

 

ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து கூடி உண்பது நம் கடற்கரை ஊர்களின் அழகிய வழக்கம். செல்வரும் ஏழையும் ஒரு தட்டில் கை வைக்கும் அந்தக் காட்சியில் சகோதரத்துவம் உண்டு, பரக்கத் உண்டு. அதே சஹனில் ஒரு பிள்ளைக்கு ஆபத்தும் இருக்கலாம் என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹ் விருந்து. என்னுடன் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அமர்ந்திருந்தான். வட்டிலப்பம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டான். "முட்டை ஒத்துக்காது, உம்மா வேணாம்னு சொல்லியிருக்காங்க" என்றான். "அல்லாஹ்வின் நிஃமத்தை மறுக்கலாமா தம்பி? பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடு, ஒன்றும் செய்யாது" என்று நானே ஒரு துண்டை ஊட்டினேன். சிறிது நேரத்தில் உதடு வீங்கியது, உடலெங்கும் தடித்தது, மூச்சு இரைத்தது. மருத்துவமனையில் ஊசி போட்ட பிறகே பிள்ளை தேறினான். அல்ஹம்து லில்லாஹ்! அவனுடைய தாயார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஆலிம்சா, நீங்களே சொன்னா அவன் எப்படி மறுப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மார்க்கத்தின் பெயரால் நான் பேசினேன். ஆனால் மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் பொரித்த உடும்பு பரிமாறப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். 'இது ஹராமா?' என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். இல்லை, தம் சமூகத்தாரின் நிலத்தில் இல்லாததால் தம் மனம் அதை விரும்பவில்லை என்று நபிகளார் விளக்கினார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே காலித் (ரலி) அதை உண்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. ஹலாலான உணவை ஒருவர் உண்ணலாம், மற்றவர் விடலாம். அது நன்றிகேடு ஆகாது. மனம் விரும்பாததற்கே இந்த இடம் உண்டென்றால், உயிரை வருத்துவதற்கு எவ்வளவு இடம் வேண்டும்!

'பிஸ்மில்லாஹ் போதாதா?' என்பார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி போதித்த நபியின் உம்மத் நாம். பிஸ்மில்லாஹ் சொல்வது சுன்னத். தீங்கென்று தெரிந்ததை விலக்குவது கடமை.

ஒவ்வாமை என்பது அடம் அன்று. உடலின் காவல் சக்தி, தீங்கில்லாத உணவுச் சத்தைப் பகையென்று எண்ணிப் போரிடுவதே அது. பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, மீன், இறால், கோதுமை ஆகியவற்றால் அது அதிகம் நேர்கிறது. சிலருக்கு ஒரு துளியே போதும். இறால் கிளறிய கரண்டி சோற்றில் பட்டாலும் போதும். மூச்சு அடைத்தால் உடனே அட்ரினலின் ஊசி தேவை. ஓதி ஊதிவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. போகும் வழியில் ஓதலாம்.

உணவால் ஒருமுறை துன்பப்பட்ட பிள்ளை மற்ற உணவுகளுக்கும் அஞ்சும். நாம் அதை 'வாய்க்கு ருசி தேடுகிறான்' என்கிறோம். அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடவும் கூடாது. மருத்துவரைக் கேளாமல் பாலையும் முட்டையையும் நிறுத்தினால் வளர்ச்சி குன்றும். ஒத்துக்கொள்ளும் உணவைச் சிறிதளவு வையுங்கள், வற்புறுத்தாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். பிள்ளைக்கு இந்த ஒழுக்கத்தையே கற்பியுங்கள்: உணவைப் பழிக்காமல், 'எனக்கு வேண்டாம்' என்று பணிவாகச் சொல்லட்டும்.

சஹனிலிருந்து பிள்ளையைப் பிரிப்பது குற்றமா? சூரத்துந் நூரின் 61ஆம் வசனம், நோயாளியைக் குறிப்பிட்டுவிட்டு, சேர்ந்து உண்டாலும் தனித்து உண்டாலும் குற்றமில்லை என்கிறது. அல்லாஹ் அனுமதித்த தனித் தட்டைப் பார்த்து நாம் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? விருந்து வைப்போர் குருமாவில் முந்திரி அரைத்திருந்தால் கேட்குமுன் சொல்லட்டும், அது அமானிதம்.

அந்தச் சிறுவனை அண்மையில் ஒரு வலீமாவில் கண்டேன். தனித் தட்டுடன் என்னருகே அமர்ந்தான். "ஹஜ்ரத், இதுல முட்டை இருக்கா?" என்றான். எழுந்து சென்று சமையல்காரரிடம் கேட்டு வந்தேன்.

நம் பிள்ளைகளின் உயிரையும் உள்ளத்தையும் பேணும் நல்லறிவை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.