எது ஒரிஜினல்? – ஒட்டுப்போட்ட ஒரு தையல் மிஷினை முன்வைத்து

1

அம்மா செத்து மூணு வருஷம் கழிச்சு அதோட தையல் மிஷினைப் பார்க்க ஒருத்தர் வந்தார். பழைய மிஷின்களைச் சேகரிக்கிறவர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை வரைக்கும் அலைந்து வாங்கியது நாற்பதுக்கு மேல் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். கெட்டவர் இல்லை. சேரி என்று தெரிந்துதான் வந்தார். கொடுத்த டீயைக் குடித்தார். மிஷினைத் தொட்ட விதத்திலேயே அதன்மேல் அவருக்கிருந்த பிரியம் தெரிந்தது.

கையால் சுற்றுகிற சின்ன சிங்கர். அடித்தட்டின் ஓரத்தைத் துணியால் துடைத்ததும் எண் தெரிந்தது. முதல் எழுத்து எஃப். "கிளைட்பேங்க் சார். ஸ்காட்லாந்து. 1910-க்கு மேல ஒரு பத்துப் பதிமூணு வருஷத்துக்குள்ள செஞ்சது" என்றார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கழிக்க ஆரம்பித்தார். மேல்மூடி இல்லை. அடிப்பலகை யாரோ வேப்பம்பலகையில் செய்து போட்டது. ஷட்டில் லூதியானா சரக்கு. ஷட்டிலை மூடுகிற தகடு வேறு மிஷினிலிருந்து எடுத்து ராவி நுழைத்தது. பூ வேலைப்பாடு தேய்ந்துவிட்டது. "தலை மட்டும்தான் சார் ஒரிஜினல். மேட்சிங் பார்ட்ஸ் தேடிப் போட்டா நல்ல விலை போகும். இப்ப இது கலப்படம்."

கலப்படம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கலப்பு என்கிற சொல்லை எங்கள் காதில் யாரும் சாதாரணமாகப் போட்டதில்லை. எது சுத்தம், எது கலப்பு என்று பிரித்துச் சொல்லும் அதிகாரத்தால்தான் நாங்கள் ஊருக்கு வெளியே இருக்கிறோம். ஓர் இரும்புச் சாமானைப் பற்றி அந்தச் சொல் வரும்போதும் உடம்பு கூசுகிறது. அந்தக் கூச்சத்திலிருந்துதான் இந்தக் கேள்வி வந்தது: ஒரு பொருளின் உண்மை அது பிறந்தபோது இருந்த உருவத்தில் இருக்கிறதா, அதற்கப்புறம் அதோடு வந்து சேர்ந்ததில் இருக்கிறதா?

2

அந்தக் 'கலப்படம்' எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

அம்மா மிஷன் தையல் வகுப்பில் படித்தது. மிஷின் வாங்கியது திண்டிவனத்தில், கண் பார்வை போன ஒரு கிழட்டு டெய்லரிடம். ஷட்டில் இல்லாத மிஷின். "அது இல்லாததாலதான்டா நமக்குக் கட்டுப்படியாச்சு" என்று அம்மா சொல்லும். அப்பா மெட்ராசுக்கு மூட்டை தூக்கப் போனபோது மூர் மார்க்கெட்டில் மூணு நாள் தேடி ஷட்டில் வாங்கி வந்தார். 1985-ல் எரிந்துபோன அதே மூர் மார்க்கெட். சட்டைப் பையில் வைத்தால் திருட்டுப் போய்விடும் என்று வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு வந்தாராம்.

பழைய பலகை கரையான் அரித்துவிட்டது. எங்க தெரு மாமா ஒருத்தர் கதவு செய்து மிஞ்சிய வேம்பில் புதுசு செய்து கொடுத்தார். தகடு தொலைந்தது என்னால். விளையாட எடுத்துப் போய்க் குளத்தில் போட்டுவிட்டேன். அதற்கு வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. ஒரு மாசம் அட்டையை வெட்டி வைத்துத்தான் அம்மா ஓட்டியது. பூ வேலை தேய்ந்த இடம், வலது கை சக்கரத்தைச் சுற்றும்போது துணியை நகர்த்திய இடது கை கிடந்த இடம்.

ஊர்த்தெருப் பெண்களும் அம்மாவிடம் தைக்கக் கொடுப்பார்கள். ஆனால் அளவெடுக்கக் கூடாது. அளவு ஜாக்கெட்டைச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பித் தரையில் வைக்கச் சொல்வார்கள். தைத்து எடுத்துப்போனால் தண்ணியில் முக்கித்தான் வீட்டுக்குள்ளே கொண்டுபோவார்கள். புதுத்துணி, மடிப்புக் கலையாத துணி, சொட்டச் சொட்டப் போகும். அம்மா ஒருநாள் சொன்னது: "மிஷினு பட்டா தீட்டில்ல, என் கை பட்டாத்தான் தீட்டா? மிஷினு என்னா, தானா ஓடுதா?"

இதைவிட நல்ல தத்துவக் கேள்வியை நான் புத்தகத்தில் படித்ததில்லை.

3

'மேட்சிங்' என்கிற எண்ணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் சேகரிப்பாளரின் புனிதம் கொஞ்சம் ஆட்டம் காணும்.

ஐசக் சிங்கர் அமெரிக்காவில் தன் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1851-ல். அவர் கம்பெனியின் ஆரம்ப காலத் தொழிற்சாலையில் பாகங்கள் ஒன்றுபோல இருக்காது. ஒரு தொழிலாளி அரத்தை எடுத்து ராவி ராவி ஒன்றோடொன்று பொருந்த வைக்க வேண்டும். பொருந்திய பாகங்கள் மேல் ஒரே எண்ணைக் குத்துவார்கள். ஏன்? அப்புறம் கழற்றி உலையில் வைத்துப் பதம் ஏற்றுவார்கள். திரும்பப் பூட்டும்போது கூட்டாளிப் பாகம் மாறிவிடக் கூடாது. அவ்வளவுதான். எண் என்பது குலப்பெருமை இல்லை. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்கு விட்டுச்சென்ற குறிப்பு.

1880-களில் அளவுக் கருவிகள் வைத்துத் துல்லியமாகச் செய்யும் முறை வலுப்பட்டது. அதன் இலக்கு, எந்த ஷட்டிலும் அந்த வகை மிஷின் எதிலும் உட்கார வேண்டும் என்பது. பிற்பாடு பாகங்களில் எண் இருந்தாலும் அது 'நான் இன்ன வகை ஷட்டில்' என்று சொல்லுமே தவிர, 'நான் இன்ன மிஷினுக்குப் பிறந்தவன்' என்று சொல்லாது. மூர் மார்க்கெட்டில் வாங்கிய லூதியானா ஷட்டில் ஸ்காட்லாந்து இரும்போடு சேர்ந்து ஓடியது இதனால்தான். யார் வேண்டுமானாலும் யாரோடும் சேரலாம் என்பதற்காகச் செய்த பொருளுக்குத்தான் இன்று நாம் பூர்வீகம் பார்க்கிறோம்.

அந்த எஃப் எழுத்து என்னை வேறொரு இடத்துக்கும் கொண்டுபோனது. கிளைட்பேங்க்கில் சிங்கர் தொழிற்சாலை 1885 முதல் 1980 வரை இயங்கியது. 1911 மார்ச்சில் அங்கே மரப்பெட்டிகளுக்கு மெருகேற்றும் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆட்களைக் குறைத்து, அவர்கள் வேலையையும் மிச்சம் பன்னிரண்டு பேர் தலையில் கட்டியது நிர்வாகம். அந்தப் பன்னிரண்டு பேருக்காகக் கிட்டத்தட்ட 11,000 தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். மூன்று வாரத்தில் வேலைநிறுத்தம் தோற்றது. முன்நின்றவர்கள் நூற்றுக்கணக்கில் வேலை இழந்தார்கள்.

சேகரிப்பாளர் தேடுகிற 'ஒரிஜினல் மூடி' அப்படிப்பட்ட கைகள் மெருகேற்றியதுதான். மூடியின் பளபளப்புக்கு விலை உண்டு. மெருகேற்றியவளுக்கு எண்கூட இல்லை. ஸ்காட்லாந்துக்காரிக்கும் என் அம்மாவுக்கும் சாதி ஒன்றில்லை, துன்பமும் ஒன்றில்லை. ஆனால் இரண்டு பேர் உழைப்பையும் பொருளிலிருந்து துடைத்தெடுத்துவிட்டுப் பொருளை மட்டும் கொண்டாடும் பார்வை ஒன்றுதான்.

4

மிஷினைச் சொல்லும்போது காந்தியைச் சொல்லாமல் முடியாது. எந்திரங்களைச் சந்தேகித்த காந்தி 1924-ல் ஓர் உரையாடலில் சிங்கர் மிஷினுக்கு விதிவிலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் சிங்கர் இதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் சொன்ன காரணம். நிஜச் சிங்கர் பல பெண்களோடு குடும்பம் நடத்தி இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர். காசுக்காகத்தான் இதில் இறங்கினார். மிஷினுக்கு மூடி தேடுவதுபோல வரலாற்றுக்கும் அழகான மூடி தேடிப் போட்டுவிடுகிறார்கள்.

அம்பேத்கர் 1945-ல் எழுதிய நூலில் காந்தியத்தை விமர்சிக்கும்போது வேறு மாதிரி கேட்டார். எந்திரம் இருந்தால்தான் மனுசனுக்கு ஓய்வு கிடைக்கும், ஓய்வு இருந்தால்தான் பண்பாடு என்றார். அன்புக் கதை எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. அம்மாவை நடவு வயலில் குனியாமல் உட்கார வைத்தது இந்த மிஷின். எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் இதுதான். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் அதன் முதுகை ஒடித்ததும் இதுதான். அதனால் இதைச் சாமியாக்கவும் மனசில்லை.

5

இதுவரை சேகரிப்பாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பேசிவிட்டேன். இனி என் முறை.

அவர் போன பிறகு அந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது. இரண்டு வருஷம் அலைந்தேன். விற்பதற்காக இல்லை, 'அம்மாவுக்குச் செய்யும் மரியாதை' என்று சொல்லிக்கொண்டேன். கடைசியில் ஒரு கடையில் அதே காலத்து ஷட்டில் கிடைத்தது. கடைக்காரர், "பழசக் குடுத்துடுங்க, நூறு ரூவா கழிச்சுக்குறேன்" என்றார். கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பூட்டினேன். நன்றாகவே தைத்தது. அக்கா பார்த்துவிட்டுக் கேட்டது: "அப்பா வாங்கியாந்தது எங்கடா?"

பதில் இல்லை. மறுநாளே ஓடினேன். கடையில் ஒரு டப்பா நிறைய ஷட்டில்கள். எது எங்களுடையது என்று என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை. முப்பது வருஷம் எங்களுக்குச் சோறு போட்ட பொருள், எனக்கு முகம் தெரியவில்லை. அப்பா மூட்டை தூக்கிய காசு, மூணு நாள் அலைச்சல், வேட்டி மடிப்பு எல்லாவற்றையும் நூறு ரூபாய்க்குக் கழித்துவிட்டு, எங்களோடு ஒரு நாள்கூட வாழாத ஒரு ஷட்டிலை வாங்கி வந்திருக்கிறேன். மரியாதை யாருக்குச் செய்தேன்? அம்மாவுக்கா, அந்த எண்ணுக்கா?

வேப்பம்பலகை தப்பியது. அதையும் மாற்றத் தலையைக் கழற்றியபோது அடிப்பக்கம் பென்சில் கோடுகள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. அக்காதான் சொன்னது: காசு தராமல் இழுத்தடித்த ஜாக்கெட் கணக்கு. நோட்டில் எழுதினால் யாராவது பார்த்துச் சண்டைக்கு வருவார்கள் என்று பலகைக்கடியில் எழுதி வைத்தது. நாற்பத்தேழு கோடு எண்ணினேன். 'ஒரிஜினல்' பலகை கிடைத்திருந்தால் இது விறகாகியிருக்கும்.

6

அப்படியானால் பழசைத் தேடுவதே தப்பா? இல்லை. சேகரிப்பாளர்கள் இல்லையென்றால் இந்த மிஷின்கள் எடைக்குப் போயிருக்கும். எண்ணைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வந்ததால்தான் 1911-ஐப் பற்றி எனக்குத் தெரிந்தது. லண்டனில் துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பழைய தையல் மிஷின்களை நூற்றுக்கணக்கில் அலங்காரத்துக்கு அடுக்குகிறார்களே, அதைவிட ஒரு ஷட்டிலுக்காக ஊர் ஊராக அலைகிறவன் மேல். 2009-ல் சவூதியில் பழைய சிங்கருக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருப்பதாகப் புரளி கிளம்பி, ஒரு மிஷினுக்கு இரண்டு லட்சம் ரியால் வரை பேசினார்கள். அந்த விலையில் யாருடைய தையலுக்கும் இடமில்லை.

தேடுவது தப்பில்லை. தேடிக் கிடைத்ததற்காக இருந்ததைத் தள்ளிவைப்பதுதான் தப்பு. மிஷினைப் பிறந்த மேனிக்குத் திருப்பும்போது அதை முதலில் விற்றவனின் காலத்துக்குத் திருப்புகிறோம். பிற்பாடு அதை வைத்துப் பிழைத்தவர்களின் காலம் அழிகிறது. ஒடுக்கப்பட்டவர்களிடம் ஆவணக் காப்பகம் கிடையாது. ஒட்டும் தைப்பும்தான் எங்கள் ஆவணம். அதைக் கலப்படம் என்று கழற்றிப்போடுவது பழுது பார்ப்பதில்லை; வரலாற்றைத் திருத்துவது.

எதிர்வாதம் ஒன்று வரும்: எல்லா ஒட்டும் புனிதம் என்றால் அதுவும் இன்னொரு சுத்தவாதம்தானே? சரிதான். தகடு உடைந்தால் மாற்றத்தான் வேண்டும். அம்மாவே மாற்றியது. ஆனால் அம்மா எதையும் ஒளிக்கவில்லை. வேம்பைத் தேக்கு மாதிரி வண்ணம் பூசவில்லை. அந்த நேர்மை போதும்.

தமிழக அரசின் இலவசத் தையல் மிஷின் திட்டம் ஒன்றுக்குச் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் மிஷின் வாங்கியவர் எங்கள் தெருவில் இருக்கிறார், கணவனை இழந்தவர். போன மாசம் பாபின் கேஸ் போய் வேறு வாங்கிப் போட்டார். "அண்ணா, பழச வச்சிக்கவா, போட்டுடவா?" என்று கேட்டார். வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு துண்டுத் துணியில் சுற்றி, எப்போது போனது, புதுசு எங்கே வாங்கியது, என்ன விலை என்று எழுதி அதோடு கட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதினார்.

நண்பர்களே, உங்கள் வீடுகளிலும் பரண்மேல் ஒன்று கிடக்கும். மிஷினாக இருக்கலாம், அரிவாளாக, பறையாக, சைக்கிளாக இருக்கலாம். எடைக்காரனோ சேகரிப்பாளரோ வருவதற்கு முன்னால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகம் எப்போது மாறியது, யார் மாற்றினார்கள், எந்தக் காசில் என்று வயசானவர்களைக் கேட்டு எழுதுங்கள். திருப்பிப்போட்டு அடிப்பக்கமும் பாருங்கள்.

அம்மாவின் மிஷின் வேப்பம்பலகை மேலேயே இருக்கிறது. அந்த டப்பாவில் மறுபடி தேடுவதற்குப் போன வாரமும் கடைக்குப் போய் வந்தேன்.