ஒரு சாண் கடல்

பொய் சொல்லாமலே ஒருவனை ஏமாற்ற முடியுமா? முடியும் என்பது உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்படி ஏமாற்றுவது பொய்யைவிடச் சிறிய குற்றமா, பெரிய குற்றமா என்பதுதான் என் சந்தேகம். வேதாந்த நூல் எதையும் படித்து வந்த சந்தேகம் அல்ல இது. கன்னியாகுமரியில், நாள் வாடகை 1,200 ரூபாய் உள்ள ஒரு லாட்ஜின் மூன்றாம் மாடியில், ஒரு ஜன்னலுக்கு முன்னால் நின்றபோது வந்தது.

2025 ஜனவரி மாதம். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்து சில நாட்களே ஆகியிருந்தன. பாலத்தைப் பார்க்க வந்தவர்கள் ஒரு பக்கம், சபரிமலைக்குப் போய்விட்டுத் திரும்புகிற ஐயப்பன்மார் ஒரு பக்கம் என்று ஊரே நெரிந்தது. என் மனைவிக்கு நெடுநாளாக ஓர் ஆசை. படுக்கையை விட்டு எழுந்து, ஜன்னலைத் திறந்தால், கடலில் சூரியன் உதிக்க வேண்டும். கரையில் கூட்டத்தோடு நின்று பார்க்கும் உதயம் வேண்டாம். தலை வாராமல், காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிற உதயம் வேண்டும். கல்யாணமான புதிதில் சொன்னது. பதினெட்டு வருஷமாக அதை நிறைவேற்ற எனக்கு வசதிப்படவில்லை.

பெரிய ஓட்டல்களின் வாடகை என் எழுத்துக்கு எட்டாது. தேடித் தேடி, கைப்பேசியில் ஒரு லாட்ஜைப் பிடித்தேன். படத்தில் ஜன்னல் முழுவதும் நீலக் கடல். கீழே, ‘கடல் தெரியும் அறை’ என்று எழுதியிருந்தது. பணத்தைக் கட்டிவிட்டு, ஏதோ கோட்டையைப் பிடித்தவனைப் போல மனைவியிடம் படத்தைக் காட்டினேன்.

அறைக்குள் நுழைந்ததும் அவள் முதலில் போனது ஜன்னலுக்குத்தான். திறந்தாள். எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அடுத்த கட்டடத்தின் பூசாத சுவர். அதில் ஒரு கழிவுநீர்க் குழாய். அவள் ஒன்றும் பேசவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பெட்டியிலிருந்து துண்டை எடுத்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திராது.

கீழே போய் மானேஜரிடம் கேட்டேன். அவர் பதறவில்லை, என்னோடு மாடி ஏறி வந்தார். ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, இடது பக்கம் திரும்பினார்.

“இப்படிப் பாருங்க சார்.”

நானும் தலையை நீட்டினேன். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, நேர்க்கோடாக, ஒரு சாண் அகலத்துக்குக் கடல் தெரிந்தது.

“கடல் தெரியும்னு போட்டிருக்கோம். தெரியுதா, இல்லையா?”

தெரிகிறது என்று ஒப்புக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

“அந்தப் படம்?”

“அது மாடியில நின்னு எடுத்தது சார். இதே கட்டடம்தான். இந்த வாடகைக்கு வேற என்ன எதிர்பார்க்கிறீங்க?”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. நான் ஏமாந்துவிட்டேன் என்பதிலும் பொய் இல்லை.

அந்த அறையின் மற்ற லட்சணங்களை விவரித்து உங்களை அலுக்க வைக்கமாட்டேன். மெத்தையின் நடுப்பள்ளம், அரைச் சுற்றுக்கு ஒரு தடவை முனகும் மின்விசிறி, ராத்திரி எட்டு மணிக்குமேல் குழாயில் காற்று மட்டும் வருவது, எல்லாம் நீங்கள் அறிந்தவையே. அவற்றை நான் குற்றமாகச் சொல்லவில்லை. மலிவான அறையில் மெத்தை மெலிந்திருக்கலாம். விலை குறைந்தால் பொருள் குறைவது நியாயம். என் வழக்கு அது அல்ல. விலை குறைந்தால் சொல்லும் குறையலாமா? இரண்டு ரூபாய்க்கு மிட்டாய் விற்பவன் சிறிய மிட்டாய் தரலாம். சிறிய மிட்டாயைப் பெரிய மிட்டாய் என்று சொல்லலாமா? உண்மைக்கும் வாடகைக்கும் சம்பந்தம் இருக்குமானால், பணக்காரனிடம் மட்டுந்தான் உண்மை பேச வேண்டும் என்றாகிவிடும். ஏழைக்கு மலிவு விலையில் அரை உண்மை போதும் என்றாகிவிடும்.

பொய்யனிடம் ஒரு நன்மை உண்டு. அகப்பட்டுக்கொண்டால் வெட்கப்படுவான், அல்லது வெட்கப்படுகிறவனைப் போல நடிக்கவாவது செய்வான். அரை உண்மை பேசுகிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவன் நம்மை ஜன்னலுக்கு அழைத்துப் போய், தலையை நீட்டச் சொல்லி, ஒரு சாண் கடலைக் காட்டிவிடுவான். வெட்கப்பட வேண்டியது நம் முறையாகிவிடும். ‘நாமல்லவா சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை!’ என்று நம்மை நாமே நொந்துகொள்வோம். பணத்தை மட்டும் அல்ல, முறையிடும் தைரியத்தையும் அவன் வாங்கிக்கொள்கிறான். பெரிய குற்றம் இதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றிற்று.

நம் நாட்டில் வழிப்போக்கனுக்கு விலையில்லாமல் இடம் கொடுத்த காலமும் ஒன்று இருந்தது. தஞ்சாவூர்ச் சரபோஜி மன்னர், ராமேசுவரம் போகும் வழியில் இருந்த தம் சத்திரங்களைப் பற்றி 1801-ல் கம்பெனி அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். வருகிறவர்களுக்குச் சோறு, நோயில் விழுந்தவனுக்கு மருந்து, அங்கேயே இறந்துபோனவன் விட்டுச்சென்ற குழந்தைக்குப் படிப்பு என்று அங்கு நடந்தவற்றையெல்லாம் அதில் சொல்லியிருக்கிறார். அங்கே தங்கியவனுக்கு முறையிட உரிமை கிடையாது. தேவையும் அதிகம் இருந்திராது. விலை வந்த பிறகுதான் உரிமை வந்தது. 1986-லும் 2019-லும் நுகர்வோருக்காகச் சட்டங்கள் செய்தார்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு சாண் கடலை எடுத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாவிட்டால், போகக்கூடாத இடத்துக்குப் போகும். அன்று ராத்திரி அது அறைப் பையன்மேல் பாய்ந்தது. பத்தொன்பது வயசு இருக்கும். “வெள்ளம் வேணுமா சார்?” என்று வந்து நின்றான். அந்தப் பக்கத்தில் தண்ணீரை அப்படித்தான் சொல்வார்கள். நான் அவன் முதலாளிக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அவனுக்குச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டு, மூன்று மாடி ஏறி இறங்கி நான்கு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

“அந்தப் பிள்ளையா படம் எடுத்துப் போட்டான்?” என்று இருட்டில் மனைவியின் குரல் கேட்டது. நான் தூங்கிவிட்டதாகக் காட்டிக்கொண்டேன்.

தூக்கம் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு தபால் கார்டு வந்தது. சில வருஷங்களுக்கு முன் எனக்கு வந்த கார்டு. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் நாவல் ஒன்று மலிவுப் பதிப்பாக வெளிவந்தபோது, பதிப்பாளர் அட்டையில் ஒரு கப்பலையும் அலைகளையும் போட்டிருந்தார். கதை நடப்பதெல்லாம் ஒரு ஜவுளிக்கடையில். ஒரு வாசகர், ‘கடல் கதை என்று நம்பி வாங்கினேன்’ என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அதற்கு நான் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு பதில் எழுதினேன்: ‘ஏழாம் அத்தியாயத்தில் கடல் வருகிறதே! 90 ரூபாய்க்கு இன்னும் எவ்வளவு கடல் வேண்டும்?’

மானேஜர் என்னிடம் சொன்னதும் இதுதானே? அவராவது மாடி ஏறி வந்து காட்டினார்.

காலை ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அந்தப் பையன். கையில் ஒரு சாவி.

“அக்காவையும் கூட்டிட்டு வாங்க சார். இன்னும் உதிக்கல.”

மொட்டை மாடியில் துணி காயப்போடும் கயிறுகளுக்கு நடுவே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தான். பக்கத்தில் ஒரு பிளாஸ்கில் காப்பி. எதிரே முழுக் கடல். படத்தில் இருந்த அதே கடல். கீழ்வானம் சிவந்தது. வள்ளுவர் சிலை முதலில் கரும் நிழலாக நின்று, பிறகு மெல்ல மெல்லக் கல்லாயிற்று. என் மனைவி தலை வாராமல் உட்கார்ந்து, காப்பியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேனேஜர்ட்ட சொல்லிராதீங்க சார். மாடிக்கு யாரையும் விடக்கூடாது. தெரிஞ்சா ஏசுவாரு” என்றான் பையன். நூறு ரூபாய் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டான்.

முதலாளி சொன்ன சொல்லை வேலைக்காரன் காப்பாற்றினான். இதைப் பார்த்து மனம் இளகி, ‘லாட்ஜ் அப்படியொன்றும் மோசமில்லை’ என்று சொல்லிவிடத் தோன்றும். அங்கேதான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பையனின் நல்ல குணத்தை முதலாளியின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியிலும் ஆபீசிலும் நாம் தினமும் செய்கிற தவறு இது. கீழே இருக்கிற ஒருவன் தன் தூக்கத்தையும் சொந்தப் பொறுப்பையும் செலவழித்து நம்மைச் சமாதானப்படுத்துகிறான். மேலே இருக்கிறவன் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளாமலே தப்பித்துக்கொள்கிறான்.

அறையைக் காலி செய்யும்போது மானேஜர் அபிப்பிராயப் புத்தகத்தை நீட்டினார். பேனாவைத் திறந்துகொண்டு நெடுநேரம் நின்றேன். பையனைப் பாராட்டி எழுதக் கை துடித்தது. எழுதினால் அவன் வேலைக்கு ஆபத்து. அவனைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அப்படியானால் நான் எழுதியதும் அரை உண்மைதானே? ஆம். ஆனால் இரண்டு அரை உண்மைகளுக்கும் வித்தியாசம் உண்டு. ஒன்று எளியவனிடமிருந்து எதையோ எடுத்துக்கொள்வதற்காக மறைத்தது; மற்றது எளியவனிடமிருந்து எதையும் எடுத்துவிடாமல் இருப்பதற்காக மறைத்தது. கடலில் நிற்கிற வள்ளுவர் 133 அடி. அதில் பீடம் 38 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. அவற்றில் ஒன்பதாவது விருந்தோம்பல், முப்பதாவது வாய்மை. அந்த வாய்மை அதிகாரத்திலேயே, குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் உண்மையின் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார் அவர். நன்மை யாருக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டிய பொறுப்பை மட்டும் நம்மிடம் விட்டுவிட்டார்.

புத்தகத்தில் இப்படி எழுதினேன்: ‘கடல் தெரியும் என்பது உண்மை. ஒரு சாண் தெரிகிறது. விளம்பரத்திலும் அந்த ஒரு சாணையே போடுங்கள். இதே வாடகைக்கு ஆட்கள் வருவார்கள்.’

மானேஜர் படித்தார். “கையெழுத்து ரொம்ப நல்லாயிருக்கு சார்” என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டார்.

ஊருக்கு வந்ததும், பழைய கட்டுகளைக் கிளறி அந்த வாசகரின் கார்டைத் தேடி எடுத்தேன். ‘தங்களுக்கு நான் எழுதிய பதில் தவறு. அட்டையைப் பற்றித் தாங்கள் சொன்னதே சரி’ என்று எழுதிப் போட்டேன். இதுவரை பதில் இல்லை. அதை எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. அடுத்த பதிப்புக்கு அட்டையை மாற்றச் சொல்லிப் பதிப்பாளரிடமும் போனேன்.

“ஜவுளிக்கடையைப் போட்டால் யார் சார் வாங்குவார்கள்?” என்றார். “கப்பல் கதையில் வரத்தானே செய்கிறது?”

அவரோடு என் வழக்கு இன்னும் முடியவில்லை.