விழுந்த விமானமும் தம்பியின் கமெராவும்

சென்ற மாதம் ஹரிஸ் பார்க்கில் நண்பர் ஒருவர் வீட்டில் நாம் கூடியிருந்தபோது, அவரது மகன் விடுமுறைக்கு ஸ்னோயி மலைப்பக்கம் போகப்போவதாகச் சொன்னார். பனி பார்க்க அல்ல. காட்டில் விழுந்த பழைய விமானம் ஒன்றின் இடத்தைத் தேடிப் படம் எடுக்கவாம். "ஆட்கள் செத்த இடத்திலை என்ன படம் தம்பி?" என்று பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டார். பேச்சு அன்றோடு முடியவில்லை.

அந்த விமானத்தின் பெயர் 'சதர்ன் கிளவுட்'. 1931 மார்ச் 21இல் எட்டுப் பேருடன் சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்குப் புறப்பட்டது. வழியில் கடும் புயல் என்ற செய்தி பிந்திக் கிடைத்தும், விமானத்தில் வானொலி இல்லாததால் விமானிக்குச் சொல்ல வழியிருக்கவில்லை. (அந்தக் கம்பனியை நடத்தியவர்களுள் ஒருவர் கிங்ஸ்போர்ட் ஸ்மித். நாம் பெட்டி படுக்கையோடு வந்திறங்கிய சிட்னி விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான். 1935இல் அவரும் பர்மாவை அண்டிய கடலில் விமானத்தோடு காணாமற் போனார்.) 27 ஆண்டுகளின் பின், 1958 ஒக்டோபரில், ஸ்னோயி நீர்மின் திட்டத்தில் வேலை செய்த டொம் சொன்ரர் என்பவர் காட்டில் நடந்து போகையில் சிதைவுகளைக் கண்டார். உலாவப் போன ஒருவரால் எட்டுக் குடும்பங்களுக்குப் பதில் கிடைத்தது. ஆனால் செய்தி பரவியதும் பின்னால் போனவர்கள் ஞாபகப் பொருளென்று துண்டு துண்டாகக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

நமக்கு இது யாரோ வீட்டுக் கதையல்ல. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேருடன் வடமேற்குக் கடலில் மறைந்தது. பெரும்பாலானோர் நம்மவர். 2012இல்தான் இரணைதீவுக் கடலடியில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. மீட்ட உடுப்புகளையும் பொருட்களையும் பின்னர் உறவினர் அடையாளம் காண வைத்தார்கள். பதினான்கு வருடம் உப்புநீரில் கிடந்த துணிகளுக்குள் தன் வீட்டுச் சட்டையைத் தேடுவதென்றால்!

ஆகவே போய்ப் பார்ப்பதே பிழை என்று நம்மால் சொல்ல முடியவில்லை. ஒருவரும் போகாதிருந்தால் அந்த எட்டுப் பேரும் இன்றும் காணாமற் போனவர்களே. ஒரு திருகாணியைச் சட்டைப்பையில் போடுவது களவு. அதில் நமக்குச் சந்தேகமில்லை. படம்தான் சிக்கல். அது அங்கிருந்து எதையும் எடுப்பதில்லை என்றார் தம்பி. "இரணைதீவுப் பொருட்களை யாரோ வேடிக்கைக்குப் படம் எடுத்து வீட்டுச் சுவரில் மாட்டினால் சம்மதமோ?" என்று பெரியவர் கேட்டார். அவரது உறவினர் ஒருவர் அந்த விமானத்தில் இருந்தவர் என்பது நம்மில் பலருக்கு அப்போதுதான் தெரியும்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கூமாவில் அந்த எட்டுப் பேருக்கும் நினைவிடம் இருக்கிறது, முதலில் அங்கே இறங்குவேன் என்றார். காரில் இடமிருந்தால் தானும் வரலாமோ என்று கேட்டார் பெரியவர்.