முதலில் திருந்தட்டும் என்பது சரிதானா?

வழிதவறிய வாலிபர்களைப் பற்றிப் பேச்செழுந்தால் நாம் அவர்களுக்குச் சொல்வதெல்லாம் "செய்யாதே" என்பதுதான். குடிக்காதே, சண்டைக்குப் போகாதே, இரவில் சுற்றாதே! இதைச் செய் என்று ஒரு நற்காரியத்தை அவர்கள் கையில் கொடுத்தோமா?

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் மருத்துவ மாணவர்கள் 2008ஆம் ஆண்டில் ஒரு முயற்சியைத் தொடங்கினர். கத்தியும் கையுமாகத் திரியக்கூடிய வாலிபர்களிடம் சென்று, குத்துப்பட்டுக் கிடப்பவனைப் பிழைக்கவைப்பது எப்படி என்று கற்றுக் கொடுத்தனர். ஸ்ட்ரீட்டாக்டர்ஸ் என்னும் அமைப்பு இவ்வாறுதான் பிறந்தது. தொடையில்தானே குத்தினேன் என்பவனுக்கு, மனித உடலில் இருப்பது ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தமே என்பதும், தொடையின் பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும் என்பதும் தெரியவேண்டாமா?

முதலில் திருந்தட்டும், பிறகு பொறுப்பைக் கொடுக்கலாம் என்பாருமுளர். நாம் அதை ஒப்புவதற்கில்லை. தாகத்தால் தவித்த நாய்க்குத் தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்த ஒழுக்கங்கெட்ட பெண்ணின் வரலாறு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. திருந்திய பிறகா அவள் கிணற்றடிக்குப் போனாள்? அந்தச் செயலே அவளுக்கு மன்னிப்பைப் பெற்றுத் தந்தது.

காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்வோம். தந்தையோடு பட்டுத்தறியில் உட்காரும் பிள்ளைகள் குறைந்துவிட்டனர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் ஒப்பந்த வேலை. அது நின்றால் தெருமுனையும் மோட்டார் சைக்கிளும்தான். அருகிலேயோ சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை. 2019இல் அத்திவரதர் வைபவம் நடந்த 48 நாட்களில் நெரிசலில் மயங்கி விழுந்தோர் பலர். விபத்து நடந்த இடத்துக்கு முதலில் ஓடி வருபவன் யார்? நாம் உதவாக்கரை என்று ஒதுக்கிய அந்தத் தெருமுனைப் பையன்தான். ஆனால் வலிப்பு கண்டவன் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பான். நினைவிழந்தவன் வாயில் தண்ணீர் ஊற்றுவான். காயத்தில் காப்பித்தூளை அப்புவான். (படித்த பெரியவர்களும் இதையேதான் செய்கிறோம்!) சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்தவேண்டும், மூச்சுள்ளவனை ஒருக்களித்துப் படுக்கவைக்கவேண்டும், 108க்குச் சொல்லவேண்டும் என்பதை ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம்.

காவல் நிலையத்தில் ஏற்கெனவே பெயர் ஏறியவனுக்கு இன்னொரு பயமும் உண்டு: அடிபட்டவனைத் தூக்கினால் தன்மீதே பழி விழுமோ என்று. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுவோரைக் காக்கிறது. இதையும் அவனுக்குச் சொல்லவேண்டும்.

பள்ளிவாசலில் இதற்கென்ன வேலை என்று முதவல்லிகள் கேட்கக்கூடும். அகழ்ப்போரில் அம்புபட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கூடாரம் அடித்தது மஸ்ஜிதின் உள்ளேதான். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு கூடம், சில சுருள் கட்டுத்துணி, செஞ்சிலுவைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ பயின்ற ஆசிரியர் ஒருவர் இருந்தால் போதும். நெசவாளர் தெருப் பிள்ளைகளையும் சேர்த்தே அழைக்கலாம். தேர்ந்தவனுக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது ஜமாஅத்தார் முன்னிலையில் அவன் பெயரை உரக்க வாசித்து, தகப்பனாரையும் வரவழைக்கவேண்டும்.