தலையும் கடிதமும்

பொருள்களைச் சேர்த்து வைக்கும் விருப்பம் மக்கள் உள்ளத்தில் தொன்றுதொட்டு ஊறி வந்துள்ளது. சிறுவன் கூழாங்கற்களைச் சேர்க்கின்றான். செல்வன் நிலங்களைச் சேர்க்கின்றான். கற்றவன் நூல்களைச் சேர்க்கின்றான். சேர்ப்போர் அனைவரும் தாம் அப்பொருள்களைக் காப்பதாகவே கருதுகின்றனர். ஆயின், சேர்த்தலும் காத்தலும் ஒன்றுதானா? இந்த வினாவை ஒரு சிறிய அஞ்சல் தலை எம்மிடம் எழுப்பிற்று.

அரை நூற்றாண்டிற்கும் மேலாக அஞ்சல் தலைகளைத் தொகுத்து வருகின்றோம். அவற்றுள்ளும் உலகப் பாரம்பரியச் சின்னங்களைக் காட்டும் தலைகளிடத்து எமக்குத் தனிப்பற்று உண்டு. பிழைப்பு நாடிப் பம்பாய்க்கு வந்து, ஓர் அறையில் நால்வராகத் தங்கியிருந்த அந்நாளில், எகிப்தியப் பிரமிடுகளும் அசந்தாவின் ஓவியங்களும் எம் தகரப் பெட்டிக்குள் அடங்கியிருந்தது பெருஞ்செல்வமாகவே தோன்றிற்று.

நம் நாட்டு அஞ்சல் துறை இத்துறையில் முந்திக்கொண்டது எனலாம். யுனெஸ்கோ நிறுவனத்தின் உலகப் பாரம்பரிய உடன்படிக்கை 1972-ஆம் ஆண்டில் உருவாயிற்று. இந்தியச் சின்னங்கள் அப்பட்டியலில் முதன்முதலாக இடம் பெற்றது 1983-இல். ஆனால் 1949 ஆகஸ்டு 15 அன்றே, விடுதலை பெற்ற இந்தியா தன் தொல்பொருட் சிறப்புகளைக் காட்டும் 16 தலைகளை வெளியிட்டது. அசந்தா, கொணார்க், சாஞ்சி, கஜுராகோ, தாஜ்மகால், குதுப் மினார் ஆகியன அவ்வரிசையில் இருந்தன. 2 அணாத் தலையில் நடராசர் ஆடினார். 9 பைத் தலையில், பம்பாய்த் துறைமுகத்திற்கு எதிரேயுள்ள எலிபெண்டாக் குகையின் மும்முக மூர்த்தி வீற்றிருந்தார். 1 அணாத் தலையில் போதிசத்துவரின் உருவம் இடம் வலமாக மாறிப் பதிந்துவிட, 1950-இல் அதனைத் திருத்தி மீண்டும் வெளியிட்டனர். படம் வேறு, பொருள் வேறு என்பதை அப்பிழையே நமக்கு உணர்த்தியிருக்க வேண்டும். நாமோ பிழையுள்ள தலையையும் திருத்திய தலையையும் அருகருகே ஒட்டி மகிழ்ந்தோம்.

எம் அன்னையார் கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் வாழ்ந்தவர். மைந்தனுக்குப் படத் தலைகளில் விருப்பம் என்பதறிந்து, அஞ்சலகத்தில் கேட்டு வாங்கி உறைமேல் ஒட்டி அனுப்புவார். 1967-இல் பன்னாட்டுச் சுற்றுலா ஆண்டை ஒட்டித் தாஜ்மகால் பொறித்த 15 பைசாத் தலை ஒன்று வெளிவந்தது. அத்தலை தாங்கிய அவர் கடிதம் ஒரு மாலையில் எம் கையில் கிடைத்தது. கடிதத்தைப் படித்தோம். பின்னர்க் கத்தரியால் உறையின் மூலையை வெட்டியெடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து, தலையைப் பிரித்து உலர்த்தி ஆல்பத்தில் சேர்த்தோம். நால்வர் வாழும் அறையில் கடிதங்களை அடுக்கி வைக்க இடம் ஏது? சில திங்கள் கழித்து அது குப்பைக்குப் போயிற்று.

அண்மையில் எம் பேத்தி ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அத்தலையின் வரலாற்றைச் சொன்னோம். அவள், “கொள்ளுப்பாட்டி அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தார், தாத்தா?” என்று கேட்டாள். எமக்கு விடை தோன்றவில்லை. தாஜ்மகாலின் நிறமும் தலையின் விலையும் வெளிவந்த ஆண்டும் நினைவில் இருக்கின்றன. பெற்றவள் எழுதிய ஒரு வரியேனும் நினைவில் இல்லை. எம் ஊருக்கு அருகிலுள்ள தாராசுரம் கோயிலைப் பற்றி அவர் எழுதியிருந்தாரோ, மழை பொய்த்ததைப் பற்றி எழுதியிருந்தாரோ, தம் உடல் நலிவைப் பற்றித்தான் எழுதியிருந்தாரோ, அறியோம்.

அன்றிரவு அதே ஆல்பத்தில் அபு சிம்பல் கோயிலின் தலைகளைக் கண்டபோது, இது நம் ஒருவர் தவறு மட்டும் அன்று என்பது புலனாயிற்று. எகிப்து நாடு அசுவான் உயரணையைக் கட்ட முனைந்தபோது, ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் ராம்செசு மன்னன் மலையைக் குடைந்து எழுப்பிய கோயில்கள் நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. 1960-இல் யுனெஸ்கோ உலக நாடுகளின் உதவியை வேண்டிற்று. நாடுகள் பல தலைகளை வெளியிட்டு அச்செய்தியைப் பரப்பின. அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த ஆப்பிரிக்க நாடுகள் சில, 1964-இல் அஞ்சல் கட்டணத்தோடு நன்கொடைத் தொகையையும் சேர்த்து அச்சிட்ட தலைகளை விற்றுப் பொருள் திரட்டின. 1964 முதல் 1968 வரை அக்கோயில்கள் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பாளங்களாக அறுக்கப்பட்டு, 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் அடுக்கப்பட்டன. ஒரு தலையை வாங்கியவனும் அத்திருப்பணியில் பங்கு கொண்டான் என்பது எண்ணி இன்புறத் தக்கது.

ஆயினும் அத்தலைகளில் இடம் பெறாதவர்கள் உளர். அதே அணையின் நீர், எகிப்திலும் சூடானிலும் வாழ்ந்த நூபிய மக்கள் ஏறத்தாழ 1 லட்சம் பேரைத் தம் ஊர்களினின்றும் பெயர்த்தது. பேரீச்ச மரங்களையும் முன்னோர் கல்லறைகளையும் விட்டுவிட்டு, நைல் நதிக் காற்று வீசாத புதுக் குடியிருப்புகளுக்கு அவர்கள் சென்றனர். கோயில் காப்பாற்றப்பட்டது, அதன் நிழலில் வாழ்ந்த ஊர்கள் மூழ்கின. தலையை எடுத்துக்கொண்டு கடிதத்தை விட்ட எம் செயலும், அளவில் சிறிதாயினும், இவ்வினத்தைச் சார்ந்ததே.

‘அப்படியாயின் அக்கோயிலையும் மூழ்க விட்டிருக்க வேண்டுமா? தலை சேர்ப்பது வீண் தொழிலா?’ என்று வினவுவோர் இருக்கலாம். அது எம் கருத்தன்று. பாமியான் பள்ளத்தாக்கில் 55 மீட்டரும் 38 மீட்டரும் உயர்ந்து நின்ற புத்தர் சிலைகளை 2001 மார்ச்சில் வெடி வைத்துத் தகர்த்தனர். அவ்விடம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததோ 2003-இல். இன்று அங்கு இருப்பவை வெறும் மாடங்கள். ஆப்கானிஸ்தான் முன்னாளில் வெளியிட்ட தலைகளில் மட்டும் புத்தர் நின்றுகொண்டிருக்கின்றார். மலையில் குடைந்த சிலை அழிய, மெல்லிய தாள் சாட்சியாக எஞ்சியது. ஆதலின் படத்தை இகழ்தல் தகாது. காப்போன் எதையேனும் விட்டுத்தான் ஆக வேண்டும். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள எவர் வீட்டிலும் இடமில்லை. விட்டது எது என்பதை அறியாதிருப்பதும், அறிந்தும் மறைப்பதுமே குற்றம். நூபியக் கோயிலின் தலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுபவன், பெயர்ந்து சென்ற மக்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லக் கடமைப்பட்டவன்.

தஞ்சைப் பெருவுடையார் கோயில் 1987-இல் பட்டியலில் சேர்ந்தது. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதனோடு இணைக்கப்பட்டன. அத்தொகுதிக்கு ‘வாழும் சோழர் பெருங்கோயில்கள்’ என்று பெயரிட்டனர். ‘வாழும்’ என்ற அச்சொல் ஆழ்ந்த பொருளுடையது. கல்லும் கோபுரமும் மட்டும் அங்குக் காக்கப்படவில்லை. நாள்தோறும் விளக்கேற்றும் கையும், வழிபட வரும் மக்களும் சேர்ந்தே அக்கோயில் ஆகின்றன.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இச்செய்தி மிக அணுக்கமானது. நாமும் நம் ஊரை ஓர் ஓரமாக வெட்டியெடுத்து வந்தவர்கள்தாமே! பொங்கல் விழா நடத்துகின்றோம்; மேடையில் குத்துவிளக்கு ஏற்றுகின்றோம்; பிள்ளைகளுக்குப் பட்டுடுத்திப் படம் எடுக்கின்றோம். இவை அனைத்தும் நல்லனவே, அழகிய தலைகளே. ஆனால் அன்றாடம் வீட்டில் பேசும் மொழி எனும் கடிதம் எங்கே? எம் பேத்தியின் வினாவில் மற்றொரு வேதனையும் மறைந்திருந்தது. அக்கடிதத்தை யாம் போற்றி வைத்திருந்தாலும் அவளால் அதைப் படித்திருக்க முடியாது. அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துத் தெரியாது. கற்பிக்க வேண்டிய காலத்தில் அலுவலும் அலைச்சலும் காரணம் காட்டி வாளாவிருந்தோம். அக்குறை அவளுடையது அன்று.

வாழும் ஊரையும் நாம் முழுதாய்ப் பார்த்ததில்லை. முன்னாளில் சென்னையிலிருந்து வந்து நம்மில் பலர் பெட்டியோடு இறங்கிய விக்டோரியா டெர்மினஸ், இன்றைய சத்ரபதி சிவாஜி மகராஜ் நிலையம், 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அதன் கல் வேலைப்பாட்டை நின்று நோக்காமல் பல்லாண்டு அதனுள் விரைந்து நடந்தோம். எலிபெண்டா மூர்த்தியின் தலையைப் போற்றி வைத்திருந்தும், படகேறி நேரிற் காணச் சென்றது பணி ஓய்வு பெற்ற பின்னரே.

இப்பொழுது எம் ஆல்பத்தில் ஒவ்வொரு தலைக்கும் அருகில், அது எவர் கடிதத்தோடு வந்தது, நினைவில் நிற்பது என்ன என்று தமிழில் எழுதி வருகின்றோம். 15 பைசாத் தாஜ்மகாலின் அருகில், ‘அன்னையார் அனுப்பியது, எழுதியது மறந்துவிட்டோம்’ என்றுதான் எழுத முடிந்தது. ஞாயிறுதோறும் பேத்தி அருகமர்ந்து அவ்வரிகளை எழுத்துக் கூட்டிப் படிக்கின்றாள்.

இம்மலரைப் படிக்கும் இல்லங்கள் சிலவற்றில், பரண்மேல் நூல் சுற்றிய கடிதக் கட்டு இன்னும் இருக்கக்கூடும். பிள்ளைகள் அவற்றிலுள்ள தலைகளைக் கேட்டால் மகிழ்ந்து கொடுங்கள். ஆயின் கத்தரியை எடுப்பதற்கு முன், அக்கடிதங்களை ஒருமுறை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.