சாம்பல் போகும் இடம்

அழுக்கை எடுப்பது வேறு, பாவத்தைக் கழுவுவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது நம்முடைய பழைய சுபாவம். தாமிரபரணி மலையிறங்கும் ஊருக்குப் பாபநாசம் என்று பெயர் வைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அங்கே முங்கி எழுந்து, பாவத்தோடு உடுத்தியிருந்த துணியையும் ஆற்றிலேயே விட்டுவிட்டு வருகிறார்களே, அவர்களிடம்தான் எனக்கு ஒரு கேள்வி. அந்தத் துணி எங்கே போகும்?

அதே ஆற்றுத் தண்ணீரில் விளைந்த நெல்லை அவிக்கிற மில் ஒன்றில், அம்பாசமுத்திரத்துப் பக்கம், பாய்லர் அடுப்பைச் சுத்தம் செய்வதைப் பார்த்தேன். உமிதான் அங்கே எரிபொருள். 100 கிலோ நெல்லுக்குச் சுமார் 20 கிலோ உமி. அதை எரித்தால் ஏறக்குறைய 4 கிலோ சாம்பல். விறகு இவ்வளவு மிச்சம் வைக்காது. உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. அடுப்பின் உட்புறம் பதித்திருக்கும் தீக்கற்களின் மேலும், இடுக்கு வழியாக அவற்றின் பின்னாலும் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. குளிர் தேசங்களில் மரத்தூளை மாத்திரைபோல் உருட்டி எரிக்கும் அடுப்புகள் உண்டு. அவற்றிலும் இப்படி ஒரு கல்பலகையைக் கழற்றித் துடைக்க வேண்டுமாம். தீ எங்கும் ஒரே ஜாதி!

கார் நெல் ஓய்ந்து பிசானம் வருவதற்கு இடைப்பட்ட நாட்கள் அவை. அறுபதைத் தாண்டிய பாய்லர்க்காரர் அடுப்பு ஆறுவதற்கு இரண்டு நாள் காத்திருந்தார். பிறகு கல்லைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் எடுத்து, சாக்கின்மேல் வைத்து, மெல்லிய தூரிகையால் தட்டினார். முதலாளி மகன் ரப்பர்க் குழாயை இழுத்து வந்தான்.

"தண்ணி காட்டாதீய தம்பி. கல்லு குடிச்சிரும். பொறவு தீ வச்சா வெடிச்சிரும்."

ஒரு கல்லில் கண்ணாடிபோல் உருகிப் படிந்திருந்ததை அவர் தொடவே இல்லை. "இது கல்லோட சேந்துபோச்சு. சுரண்டுனா கல்லுதான் தேயும்" என்றார்.

கல்லை எடுத்த இடத்தில் மாவுபோல் சாம்பல் குவிந்திருந்தது. அதைப் பார்த்து அவர் முகம் சுளிக்கவில்லை. நன்றாக எரிந்த அடுப்புதான் அது. எரிந்தால் சாம்பல் வரத்தான் செய்யும். அதில் யார் குற்றம்? இதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல்தான் நாம் பிராயச்சித்தம் தேடி ஓடுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிராயச்சித்தம் ஒரு முழுக்கோடு முடிந்துவிடும், சௌகரியம். சாம்பலோ அடுத்த பருவத்திலும் வரும்.

ஆனால் குற்றமில்லாத சாம்பலுக்கும் போக்கிடம் வேண்டும். மூட்டைகள் செங்கல் சூளைக்குப் போயின. மூட்டைக்குள் அடங்காத தூசியில் கொஞ்சம் பாய்லர்க்காரரின் நெஞ்சுக்குள் போயிற்று. மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் அவருக்குக் காப்பு. சிலிக்காத் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பதை வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆற்றில் விட்ட துணிகளையும் யாரோ இடுப்பளவு தண்ணீரில் நின்றுதான் அள்ளுகிறார்கள். முழுக்குப் போட்டவர்களுக்கு அவர்களுடைய முகம் தெரியாது.

நல்ல முகக்கவசம் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமே என்று முதலாளியிடம் சொன்னேன்.

"கேட்டாருன்னா வாங்கிக் குடுத்துருவேனே அண்ணாச்சி" என்றார் அவர்.

முப்பது வருஷமாக அந்த மில்லில் வேலை பார்க்கிற மனிதர் இதுவரை கேட்டதெல்லாம், அடுப்பு ஆற இரண்டு நாள் அவகாசம் மட்டுமே.