கல் மிதக்குமா?

ஒருவனுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது என்று இன்னொருவன் எதை வைத்துச் சொல்கிறான்? தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதற்கென்று ஒரு சோதனை இருக்கிறது. செயற்கைச் சுவாசத்தில் பேச இயலாமல் கிடப்பவர்களுக்காக, 2001-ல் அமெரிக்காவில் வெஸ்லி ஈலியும் சகாக்களும் வகுத்தது. பத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். குறித்த எழுத்து வரும்போதெல்லாம் நோயாளி கையை அழுத்த வேண்டும். இரண்டுக்கு மேல் பிழை என்றால் கவனம் சிதறியிருக்கிறது. பிறகு தலையசைப்பில் பதில் சொல்லச் சில கேள்விகள். ஒன்று: கல் தண்ணீரில் மிதக்குமா?

அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தார்கள், அந்தக் கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூரில் கரைசேர்த்தது என்று கேட்டு வளர்ந்தவர் 'ஆம்' என்று தலையசைத்தால் அது ஜன்னியா? இதை நான் பெரிய ஆட்சேபணையாகச் சொல்லவில்லை. அந்தப் பகுதியில் ஒரு பிழையைச் சோதனை மன்னிக்கிறது; அப்பருக்கு அவ்வளவு இடம் இருக்கிறது. என் சிக்கல் அதன் முதல் அம்சத்தில். நோயாளியின் மனநிலை அவருடைய வழக்கத்திலிருந்து திடீரென மாறியிருக்கிறதா? சரி, வழக்கம் யாருக்குத் தெரியும்? வங்கியில் கையெழுத்தைச் சரிபார்க்க மாதிரிக் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் ஒப்பிடுகிற குமாஸ்தா தன் ஊகத்தோடுதான் ஒப்பிடுகிறான்.

ஏற்காட்டில் எங்கள் கிளைக்கு வரும் காப்பித் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், மலைக்காரர், மகா வாயாடி. சேர்வராயன் குகையில் கூடவே காவேரியம்மன் இருப்பது ஏன் என்று வரிசையையே நிறுத்தி விளக்குவார். நிமோனியா கண்டு, இருபது கொண்டையூசி வளைவுகள் இறக்கி, சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் போனேன். சாந்தமாகக் கிடந்தார். "தொந்தரவே இல்லாத பேஷண்ட்" என்றார் நர்ஸ். கதவருகே மகள் சொன்னாள்: "இது எங்கப்பா இல்லீங்க."

அவள் சொன்னதுதான் நோய்க்குறிப்பு. கத்துகிறவனை, குழாயைப் பிடுங்குகிறவனை யாரும் தவறவிடுவதில்லை. ஓசையின்றிக் கிடக்கும் ஜன்னிதான் அதைவிட அதிகம். அமைதி என்று பெயர் வாங்கிக்கொண்டு தப்பிவிடுவதும் அதுதான். மருந்தும் பெரிதாக உதவுவதில்லை. 2018-ல் வெளியான பெரிய ஆய்வொன்றில் ஹாலோபெரிடால் போலி மருந்தைவிட மேலாக எதையும் செய்யவில்லை. மயக்க மருந்தைக் குறைப்பது, இரவில் தூக்கம், அவரவர் மூக்குக்கண்ணாடி, தெரிந்த முகம் இவற்றைத்தான் சொல்கிறார்கள்.

மகளும் தன் பிரியத்துக்கேற்ற ஒரு அப்பாவைத்தான் மனசில் வைத்திருப்பாள் என்று வாதாடலாம். இருக்கட்டும். மாதிரிக் கையெழுத்தும் என்றோ ஒரு நாள் போட்டதுதான். அதற்காக அதை எடுத்துப் பார்க்காமல் இருப்பதில்லை. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பார்வை நேரம் மாலையில் பத்து நிமிஷம்.